இரண்டு ஏரிகள்

நாளொன்றுக்கு ஆயிரத்தைந்நூறு சோம்,
மூன்று வேளைச் சாப்பாடு, மினிபஸ்ஸில் முன்சீட்டு.
ஒன்பது நாள் நான் அவர்களுக்கு வாயாக இருந்தேன்,
இவர்களுக்கும்.
இரண்டு வாய்க்கும் சேர்த்து ஒரே சம்பளம்.

செக் நாட்டுப் பிர்னோ நகரத்திலிருந்து பதினோரு மாணவர்கள்,
நூற்று நாற்பது டூத்பிரஷ்கள்.
கோக்பெல் பள்ளியில் பிள்ளைகள் முப்பத்தெட்டே பேர்.
மிச்சத்தை என்ன செய்வதென்று ஒருவரும் கேட்கவில்லை.
இப்போது அந்த ஊரில்
குதிரைச் சேணத்தின் இடுக்குகூடப் பளபளக்கிறது.

முதல் நாள் வட்டமாக உட்காரவைத்து
பெரியவர்களானதும் என்ன ஆவீர்கள் என்றார்கள்.
டாக்டர். டாக்டர். போலீஸ். டாக்டர்.
தைலாக் மட்டும் வெகுநேரம் யோசித்துவிட்டு,
"இவங்க எப்பப் போவாங்க?" என்றான்.
"பைலட்" என்றேன் நான்.
எல்லோரும் கைதட்டினார்கள்.
எதற்கென்று தெரியாமல்
அவனும் தட்டினான்.

நடைவழிச் சுவரில் தேசப்படம் வரைவது
லிபுஷேவின் யோசனை.
அக்டோபர். பெயின்ட் காயவில்லை.
பிள்ளைகள் வீட்டிலிருந்து ஆளுக்கு நாலு வறட்டி
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள்,
குளிர்காலத்துக்குச் சேர்த்துவைத்தது.
அடுப்பு மூன்று நாள் அணையாமல் எரிந்தது.
சுவர் காயக் காய
கிர்கிஸ்தான் கொஞ்சம் கொஞ்சமாக
புகைநாற்றத்தோடு எழுந்து வந்தது.

கடைசிச் சாயங்காலம்
வொய்டெக்குக்கு வயிறு சரியில்லை, போனில் சார்ஜ் இல்லை.
ஏரியை ஞாபகத்திலிருந்து வரைந்தான்.
மூன்று நீலங்களைக் குழைத்து,
கரையில் வெள்ளையை விரலால் தொட்டுத் தொட்டு.
அவ்வளவு அழகான தண்ணீரை
நான் சுவரில் பார்த்ததில்லை.
ஆனால் மேற்கு ஓரத்தில்.

கனிகேய் என் கோட்டை இழுத்தாள்.
"அக்கா, ஏரி இடம் மாறிப்போச்சு.
அது அந்தப் பக்கம், சூரியன் வர்ற பக்கம்.
நான் அதுல குளிச்சிருக்கேன்."

சகின்பெக் ஆசிரியரைப் பார்த்தேன்.
பூகோளம் அவர் பாடம்.
இருபத்தாறு வருஷமாக அதே ஏரியை
அதே இடத்தில் வைத்துக்கொண்டிருப்பவர்.
தொப்பியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டு
"விருந்தாளி" என்றார்.
அவ்வளவுதான்.

"என்ன சொல்கிறாள்?" வொய்டெக் கேட்டான்.
"ரொம்ப அழகாயிருக்காம்."

அவன் மண்டியிட்டு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.
கண் கலங்கியிருந்தது.
அவள் உள்ளங்கையெல்லாம் நீலம்.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.
அதற்கு நான் மொழிபெயர்ப்பு எதுவும் தரவில்லை,
அவனும் கேட்கவில்லை.

ஜனவரியில் அவனிடமிருந்து ஒரு வரி வந்தது:
பெயின்ட் உரியவில்லையே?
இல்லை என்று எழுதினேன்.
அது உண்மைதான்.

மே மாதம் வேறொரு குழுவோடு போனேன்.
கொரியாக்காரர்கள், ஆறு பேர்,
காது கேட்கிறதா என்று சோதிக்கும் கருவிகளோடு.
நடைவழியில் நின்றுவிட்டேன்.
மேற்கு ஏரி அப்படியே இருந்தது,
தூசி துடைத்து, ஒரு கீறல் இல்லாமல்.
கிழக்கே இன்னொன்று.
ஜன்னல் சட்டத்துக்கு அடிக்கிற மட்ட நீலம்,
கோணல் மாணலாக, கரை வழிந்து.
அதன் கீழே இஸிக்குல் என்று பெரிய எழுத்தில்.
முதல் ஏரியின் கீழேயும் பெயர் இருந்தது:
வொய்டெக் ஏரி.

தலைவர் பெண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்து
ஏன் இரண்டு என்றாள்.
வாயைத் திறந்தேன். எதைச் சொல்வதென்று
இரண்டு மொழியிலும் தேடிக்கொண்டிருந்தேன்.

அதற்குள் கனிகேய் வந்து நின்றாள், ஒரு சாண் வளர்ந்திருந்தாள்.
எங்கிருந்து பொறுக்கினாளோ,
நாலே நாலு ஆங்கிலச் சொல்,
மிச்சத்துக்குக் கை.
கிழக்கு ஏரியைத் தட்டினாள்: தண்ணீர்.
நீந்திக் காட்டினாள்.
மேற்கு ஏரியைத் தட்டினாள்: நண்பன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து காட்டினாள்.
கொரியாக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.
தைலாக்தான் சத்தமாகச் சிரித்தான்,
இந்தமுறை எதற்கென்று தெரிந்து.

அன்றைக்கு முழுக்க
எனக்குப் பெரிதாக வேலை இல்லை.
சாயங்காலம் சம்பளத்தை எண்ணிக் கொடுத்தார்கள்.
வாங்கிக்கொண்டேன்.